மன்னித்து அனுப்புவதல்ல: சிறார் குற்றமும் மறுசீரமைப்பு நீதியும்

15 வயதுப் பையன் திருடிவிட்டான் என்று செய்தி வந்தால் போதும், பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "உள்ளே தூக்கிப் போடு, அப்போதுதான் புத்தி வரும்" என்பது ஒரு கட்சி. "சின்னப் பையன்தானே, பாவம், விட்டுவிடலாம்" என்பது இன்னொன்று. நடுவில் யாராவது புகுந்து மறுசீரமைப்பு நீதி என்று சொன்னால், முதல் கட்சி அவரை இரண்டாவது கட்சிக்காரர் என்று முடிவு கட்டிவிடும். இரண்டாவது கட்சியும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும்.

இரண்டுமே பிசகு. ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருக்கும் இந்த முறை, கடுமைக்கும் கருணைக்கும் நடுவே பாதிப் பாதியாகக் கலந்த கலவை அல்ல. அது கேட்கிற கேள்வியே வேறு.

## உடைந்த பொம்மை

அண்ணன் தங்கையின் பொம்மையை உடைத்துவிடுகிறான். அம்மா வந்து முதுகில் ஒன்று வைக்கிறார். கணக்கு முடிந்தது போலத் தெரியும். ஆனால் பொம்மை உடைந்தபடியேதான் கிடக்கிறது. தங்கை அழுகையை நிறுத்தவில்லை. அண்ணனோ முதுகைத் தடவிக்கொண்டு, 'அம்மாவுக்கு எப்பவும் அவள்தான் செல்லம்' என்று முணுமுணுக்கிறான். அவன் நினைப்பில் இப்போது தங்கையே இல்லை. அடித்த அம்மாதான் இருக்கிறார்.

அடிக்காமல் "சரி, இனிமேல் செய்யாதே, போ" என்று விட்டிருந்தால்? அப்போதும் பொம்மை உடைந்தேதான் இருக்கும், தங்கையும் அழுதுகொண்டேதான் இருப்பாள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. இருவரையும் உட்கார வைத்து, அந்தப் பொம்மை தனக்கு என்ன என்பதைத் தங்கை சொல்ல, அண்ணன் அதை முழுக்கக் கேட்க வேண்டும். பிறகு, இதை எப்படிச் சரிசெய்யப் போகிறாய் என்ற கேள்விக்கு அவனே பதில் சொல்ல வேண்டும். பசை போட்டு ஒட்டலாம், தன் பொம்மை ஒன்றைக் கொடுக்கலாம், அல்லது தங்கை வேறெதாவது கேட்கலாம். அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், அடியா, இந்த மூன்றாவது வழியா, எது லேசு என்று. அடியைத்தான் சொல்வான். அடி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மறுசீரமைப்பு நீதி என்பது இந்த மூன்றாவது வழிதான். ஒரு குற்றத்தால் யாருக்கு என்ன சேதம் நேர்ந்தது, அதைச் சரிசெய்யும் கடமை யாருடையது என்பதை, குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து பேசி முடிவு செய்யும் முறை.

சீர்திருத்தம் என்கிறோமே, அதனோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தண்டனையின் கண் குற்றத்தின் மேல் இருக்கிறது. சீர்திருத்தத்தின் கண் பையன் மேல். மறுசீரமைப்பு முதலில் காயத்தைப் பார்க்கிறது. மற்ற இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் ஓரமாகத்தான் நிற்கிறார்.

## நீதிமன்றத்தில் பையனுக்கு என்ன வேலை?

வழக்கு என்று வந்துவிட்டால், அது அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலான விவகாரம். பறிகொடுத்தவர் அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். 1977-லேயே நார்வே நாட்டுக் குற்றவியலாளர் ஒருவர் இதைக் கொஞ்சம் குத்தலாகச் சொன்னார்: தகராறு என்பது அதில் சிக்கியவர்களின் சொத்து, அதை வழக்கறிஞர்களும் அரசும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று.

பையனின் பக்கமிருந்து பாருங்கள். வழக்கறிஞர் அவனிடம் சொல்வது, வாயைத் திறக்காதே. அது சரியான ஆலோசனைதான். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்றிருக்கிறது. வழக்கு நடக்கும் காலம் முழுக்க, தான் செய்ததைப் பற்றி அவன் ஒரு வாக்கியம்கூடப் பேச வேண்டியதில்லை. தனக்குப் புரியாத மொழியில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். கடைசியில் தண்டனை வந்தாலும் அது அவனுக்கு நேர்வது. அவன் செய்வது அல்ல.

## சிறாருக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆசையையும் விறுவிறுப்பையும் தூண்டும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். 'கொஞ்சம் பொறு' என்று தடுக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கும். வண்டி வந்துவிட்டது, பிரேக் இன்னும் வரவில்லை. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாகவும் நண்பர்கள் பார்க்கும்போதும் ஆட வைத்தார்கள். நண்பர்கள் பார்க்கும்போது பதின்ம வயதினர் எடுத்த அபாயம் வெகுவாக ஏறியது. வளர்ந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை.

அப்புறம், இளவயதில் தப்பு செய்கிறவர்களில் பெரும்பாலோர் வயது ஏற ஏறத் தாமாகவே அதை விட்டுவிடுகிறார்கள். பல நாடுகளில், பல காலங்களில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. அந்த இடைப்பட்ட காலத்தில் அவன் பள்ளியிலிருந்து பிரிந்து, தன்னைவிடப் பழுத்தவர்களோடு அடைபட்டு, 'திருடன்' என்ற பெயரோடு வெளியே வந்தால் அந்த இயல்பான விலகல்தான் தடைபடுகிறது. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, சிறாரைக் காவலில் வைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்காகவும் மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பொருத்தமான இடங்களில் நீதிமன்றத்துக்குப் போகாமலே கையாளும் வழிகளை உருவாக்கும்படியும் அது நாடுகளைக் கேட்கிறது. அப்படி வழக்கை நீதிமன்றப் பாதையிலிருந்து விலக்கி வேறு பாதையில் விடுவதை மாற்றுவழிப்படுத்தல் என்பார்கள். மறுசீரமைப்புக் கூட்டம் அந்த மாற்றுவழிகளில் ஒன்று.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குற்றத்துக்கு விலை கொடுக்க வைப்பதைவிட, குற்றத்தால் ஏற்பட்ட கடனை அடைக்க வைப்பது. இனி அந்த அறைக்குள் போவோம்.

## எட்டு நாற்காலிகள்

இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால் இத்தகைய கூட்டங்கள் நடக்கும் முறையை ஒட்டியது.

15 வயதுப் பையன். ஒரு மருத்துவமனை வாசலில் நின்ற சைக்கிளை எடுத்துப் போய், இரண்டு நாள் ஓட்டி, சக்கரத்தைக் கோணலாக்கி, கால்வாய் ஓரமாகப் போட்டுவிட்டான். சைக்கிள், அங்கே இரவு வேலை பார்க்கும் ஒரு பெண் துப்புரவுப் பணியாளருடையது. பையன் பிடிபட்டான், எடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டான். இந்த ஒப்புதல்தான் வாசல். 'நான் செய்யவே இல்லை' என்று சொல்லும் பிள்ளைக்கு இங்கே இடமில்லை; அவன் செய்தானா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் பல நாள் வேலை இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். பயிற்சி பெற்றவர், எந்தப் பக்கமும் சாராதவர். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் அந்தப் பெண்மணியைத் தனியாகப் பார்த்து, வர விருப்பமா, யாரைத் துணைக்கு அழைத்து வருவீர்கள், எதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று பேசுகிறார். வர மாட்டேன் என்று அவர் சொன்னால் அதோடு சரி, வற்புறுத்தக் கூடாது. வராதவர் கடிதம் கொடுக்கலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பலாம். பையனையும் அவன் பாட்டியையும் தனியாகச் சந்திக்கிறார். இந்த முன்தயாரிப்பைக் குறைத்துவிட்டுக் கூட்டத்தை மட்டும் நடத்தினால் பெரும்பாலும் சொதப்பும்.

எட்டு நாற்காலிகள் வட்டமாக. நடுவில் மேசை கிடையாது. பையன், பாட்டி, அவன் பள்ளி ஆசிரியர், அந்தப் பெண்மணி, அவர் தங்கை, ஒரு காவலர், சைக்கிள் கடைக்காரர், ஒருங்கிணைப்பாளர்.

"என்ன நடந்தது?" என்று ஒருங்கிணைப்பாளர் தொடங்குகிறார். 'ஏன் செய்தாய்?' என்று தொடங்குவதில்லை. 'ஏன்' என்று கேட்டால் பிள்ளைகள் சாக்குத் தேடத் தொடங்கிவிடுவார்கள், இல்லையென்றால் வாயடைத்துப் போவார்கள்.

"பூட்டு லூசா இருந்துச்சு. எடுத்தேன்."

"அப்போ என்ன நினைச்சே?"

"ஒண்ணும் நினைக்கல."

கேட்பவருக்கு இது திமிராகப் படலாம். பல நேரம் அது அப்பட்டமான உண்மை.

அடுத்து அந்தப் பெண்மணி. "பதினோரு மணிக்கு வேலை முடிஞ்சு வெளிய வந்தேன். சைக்கிள் இல்ல. இருட்டுல ஒரு மணி நேரம் நடந்தேன். அப்புறம் பன்னிரண்டு நாள் அப்படியே நடந்தேன். பின்னாடி செருப்புச் சத்தம் கேட்டா நின்னுடுவேன், அந்த ஆளு முன்னாடி போகட்டும்னு." சிறிது நேரம் நிறுத்திவிட்டு, கூட்டத்துக்கு வந்ததே எதற்காகவோ அந்தக் கேள்வியைக் கேட்கிறார். "என் சைக்கிள ஏன் எடுத்தே? நான் தனியா போறதப் பார்த்து வெச்சிருந்தியா?"

பையன் முதல் முறையாகத் தலையை நிமிர்த்துகிறான். "இல்லக்கா. உங்கள நான் பார்த்ததே இல்ல. அது ஓரமா நின்னுச்சு, அவ்வளவுதான்."

அவருக்கு அந்தப் பதில்தான் தேவைப்பட்டது. தன்னை யாரோ குறிவைத்திருக்கிறார்கள் என்ற பயத்தோடு இத்தனை நாளும் நடந்திருக்கிறார். எந்தத் தீர்ப்பும் இந்தத் தகவலை அவருக்குக் கொடுத்திருக்காது. பாதிக்கப்பட்டவர்கள் இத்தகைய கூட்டங்களுக்கு வருவதற்கு, பணத்தைவிட 'ஏன் நான்?' என்ற கேள்வியே பெரிய காரணமாக இருப்பதுண்டு.

பையனுக்கோ, அது வெறும் சைக்கிளாக இருந்தது. அதன் மறுபக்கத்தில் ஒருவர் நடந்துகொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. "அவங்க நடந்தாங்கன்னு எனக்கே இப்பத்தான் தெரியும்" என்று பாட்டி கண்ணைத் துடைக்கிறார். காவலர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறார். நல்ல காவலர்.

கடைசிக் கேள்வி, இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்பது. பேசி எழுதியது இது: பையன் அந்தச் சக்கரத்தைக் கடைக்காரரின் மேற்பார்வையில் தன் கையாலேயே சரிசெய்ய வேண்டும். பத்து சனிக்கிழமை கடையில் உதவி செய்ய வேண்டும். உதிரிபாகச் செலவை அதில் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பெண்மணி இன்னொன்று சேர்க்கிறார்: சைக்கிளுக்கு முன்விளக்கு வேண்டும். முன்பும் இருந்ததில்லை, இப்போது இருட்டு அவருக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. இப்படி எல்லாரும் ஒப்புக்கொண்டு எழுதும் தீர்வை உடன்பாடு என்கிறார்கள். சட்டப் புத்தகத்தின் எந்தப் பிரிவும் ஒரு முன்விளக்கை யோசித்திருக்காது.

சுருக்கமாக: ஒப்புதல், முன்தயாரிப்பு, சந்திப்பு, உடன்பாடு. யாரும் யாரையும் மன்னித்தே ஆக வேண்டும் என்று இதில் எங்குமே இல்லை. மன்னிப்பு வந்தால் வரும். வராமலே உடன்பாடு முடிந்த கூட்டங்களும் உண்டு.

## வெட்கம் இரண்டு வகை

'இதுவும் அந்தப் பையனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதுதானே?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட் 1989-ல் இதற்கு ஒரு பதில் சொன்னார். வெட்கத்தில் இரண்டு வகை இருக்கிறது. 'நீ திருடன்' என்று ஆள் மேலேயே முத்திரை குத்துவது ஒன்று. அது அவனை வெளியே தள்ளுகிறது, வெளியே தள்ளப்பட்டவன் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டத்தைத் தேடிப் போகிறான். 'நீ செய்தது தப்பு, ஆனால் நீ எங்கள் பிள்ளை' என்பது இன்னொன்று. அது செயலைக் கண்டித்து, ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

பாட்டியும் ஆசிரியரும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். பையனுக்கு முன்பின் தெரியாத அதிகாரி ஒரு மணி நேரம் திட்டினாலும் உறைக்காதது, பாட்டி கண்ணைத் துடைக்கும்போது உறைக்கும். ஆனால் இது கத்தி மேல் நடப்பது. சரியாக நடத்தத் தெரியாத ஒருங்கிணைப்பாளர் கையில் இரண்டாவது வகை ஐந்து நிமிடத்தில் முதல் வகையாகிவிடும்.

## எங்கிருந்து வந்தது?

நவீன வடிவத்தில் இதன் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது 1974-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மிரா என்ற சிற்றூரில் நடந்தது. குடிபோதையில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் வண்டிகளையும் வீடுகளையும் நாசப்படுத்தினார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர், இவர்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டுவைத்தார். நீதிபதியும் சம்மதித்துவிட்டார். இருவரும் கதவு கதவாகத் தட்டி, சேதத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சில மாதங்களில் பணத்தைக் கொடுத்து முடித்தார்கள். அவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து இதே சமரசப் பணிக்குத் தன்னார்வலராக வந்தார்.

கனடாவில் அது ஒரு பரிசோதனை. நியூசிலாந்து அதையே சட்டமாக்கியது. அங்கே பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகள் அளவுக்கு மீறி அரசுப் பராமரிப்பு இல்லங்களுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்து முடிவெடுக்கும் முறைக்கு எதிர்ப்பு வலுத்தது. 1989-ல் வந்த சட்டம் குடும்பக் குழுக் கூட்டத்தை சிறார் நீதியின் மையமாக வைத்தது. சின்னச் சின்னத் தப்புகளைக் காவல்துறையே எச்சரிக்கையோடு முடித்துவிடும். அதற்கு மேற்பட்டவை கூட்டத்துக்கு வரும். கொலை போன்றவை நேராக நீதிமன்றத்துக்கு. அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, நடுவில் அதிகாரிகள் எல்லாரும் எழுந்து வெளியே போய்விடுவது. குடும்பம் மட்டும் தனியாக உட்கார்ந்து பேசி ஒரு திட்டத்தோடு வரும். பிறகுதான் பாதிக்கப்பட்டவரும் காவல்துறையும் அதற்குச் சரியா இல்லையா என்று சொல்வார்கள்.

இதற்குப் பின் வட அயர்லாந்து 2002-லும், பிலிப்பைன்ஸ் 2006-லும், தென்னாப்பிரிக்கா 2008-லும் இயற்றிய சிறார் நீதிச் சட்டங்களில் இந்தக் கருத்து வெவ்வேறு உருவத்தில் இடம்பெற்றது.

## பலன் தருகிறதா?

பாதிக்கப்பட்டவர்கள் விஷயத்தில் பதில் தெளிவு. 1995-ல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் தொடங்கிய சோதனையில், வழக்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியை நீதிமன்றத்துக்கும் இன்னொரு பகுதியைக் கூட்டத்துக்கும் அனுப்பினார்கள். கூட்டத்துக்குப் போனவர்களில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயமும் கோபமும் அதிகமாகத் தணிந்தன. வருத்தம் தெரிவிக்கப்பட்டதும் அவர்களுக்குத்தான் அதிகம்.

பையன் மறுபடி தப்பு செய்வானா என்ற கேள்விக்கு அவ்வளவு நேரான பதில் இல்லை. அதே சோதனையில், வன்முறைக் குற்றம் செய்த இளையோரிடம் மறுகுற்றம் குறைந்தது. திருட்டு போன்ற பொருள் சார்ந்த குற்றங்களில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. 'சின்னத் தப்புக்குச் சரி, பெரிய குற்றத்துக்கு எடுபடாது' என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும். யோசித்தால் விளங்குகிறது: அடிபட்ட ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது காயம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பெரிய கடையில் எதையோ எடுத்தவனுக்கு எதிரே யார் உட்கார்வது?

ஆக, இதைக் குற்றத்தை ஒழிக்கும் மந்திரம் என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

## எங்கே உதவாது, எங்கே கெடும்

'அப்படியானால் இது கட்டப்பஞ்சாயத்துதானே?' இல்லை. அங்கே வலுத்தவர் முடிவு சொல்வார், இளைத்தவர் தலையாட்டுவார், காதும் காதும் வைத்தாற்போல் விஷயம் அமுங்கும். இங்கே சட்டம் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. 2002-ல் ஐ.நா. வகுத்த அடிப்படை விதிகளின்படி இரு தரப்பும் தாமாக விரும்பி வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், கூட்டத்துக்கு வந்ததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகப் பின்னால் நீதிமன்றத்தில் காட்டக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் பெயர் என்னவாக இருந்தாலும் அது கட்டப்பஞ்சாயத்துதான்.

பாலியல் குற்றங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையை 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று குடும்பமே நெருக்கினால், இந்த முறை இன்னொரு கொடுமையாகிவிடும். பையனின் வன்முறைக்கு வேர் அவன் வீட்டிலேயே இருந்தால், அந்த வீட்டாரையே வட்டத்தில் உட்கார வைத்து என்ன பயன்?

வெளியே தெரியாத சிக்கல் ஒன்று, பேச்சு. சட்டத்தில் சிக்கும் சிறாரில் கணிசமானோருக்கு மொழித்திறன் வயதுக்கேற்ற அளவில் வளர்ந்திருப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீண்ட வாக்கியம் புரியாது, மனதில் இருப்பதைக் கோர்த்துச் சொல்ல வராது. முழுக்க முழுக்கப் பேச்சை நம்பி நிற்கும் ஒரு கூட்டத்தில் அந்தப் பிள்ளை தோளைக் குலுக்கி "சாரி" என்று ஒற்றை வார்த்தையில் முடிப்பான். எதிரே இருப்பவர், இவனுக்குத் துளிகூட வருத்தமில்லை என்று நினைத்து இன்னும் நொந்து போவார். முன்தயாரிப்பு நாட்களில் இதைக் கண்டுபிடித்து, அவனை வரையவோ முன்கூட்டி எழுதிவரவோ விட வேண்டும்.

இன்னொரு ஆபத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. முன்பெல்லாம் ஒரு அதட்டலோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கும் சில்லறைத் தப்புகளுக்கும், 'நல்ல முறைதானே' என்று கூட்டம், உடன்பாடு, கண்காணிப்பு என்று பிள்ளைகளை இழுப்பது. வலை விரிதல் என்று இதற்குப் பெயர். பந்து பட்டுக் கண்ணாடி உடைந்ததற்கு எட்டு நாற்காலி தேவையில்லை.

## உடன்பாட்டுக்குப் பிறகு

எல்லாரும் கூட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு அடுத்த வாரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒப்புக்கொண்டதை முடித்தால் வழக்கு மூடப்படும். நியூசிலாந்தில், குற்றச்சாட்டே பதியப்படாதது போல விடுவிக்கும் அதிகாரம் இளையோர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. முடிக்காவிட்டால் விவகாரம் அதை அனுப்பிய இடத்துக்கே திரும்பும். உடன்பாட்டை மீறியதையே காரணமாக்கித் தண்டனையைக் கூட்டக் கூடாது என்பதும் அந்த 2002 விதிகளில் இருக்கிறது. இந்த இரண்டு முனைக்கும் நடுவில் யாராவது ஒருவர் விடாமல் பின்தொடர வேண்டும். ஆளும் பணமும் முதலில் வெட்டுப்படுவது அங்கேதான்.

நம் சைக்கிள் பையன் ஐந்து சனிக்கிழமை ஒழுங்காக வந்தான். சக்கரம் நேரானது, விளக்கும் மாட்டியாயிற்று. ஆறாவது சனிக்கிழமை ஆளைக் காணோம். கடைக்காரர், "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். ஒருங்கிணைப்பாளர் பாட்டிக்குப் போன் போட்டார். அன்றைக்குப் பள்ளியில் தேர்வு. பத்து தேதிகளை எழுதியபோது எட்டுப் பேரில் ஒருவரும் காலண்டரைப் பார்க்கவில்லை, ஆசிரியர் உட்பட. அந்தத் தேதியை அடித்துவிட்டு, கடைசித் தேதிக்கு அடுத்த சனிக்கிழமையை எழுதி, பையனும் கடைக்காரரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.